போர்டு ஒருத்தருடையது, கட்டடம் இன்னொருத்தருடையது: ஹோஸ்ட் ஹோட்டல்ஸின் கதை

நம்ம ஊரில் "ஹோட்டல்" என்றால் முதலில் ஞாபகத்துக்கு வருவது இட்லி, சாம்பார்தான். தங்குவதற்கு என்றால் "லாட்ஜ்". இரண்டிலுமே பெரும்பாலும் கல்லாவில் உட்கார்ந்திருப்பவர்தான் முதலாளி. கட்டடமும் அவருடையது, போர்டில் இருக்கும் பெயரும் அவர் குடும்பத்துப் பெயர். லாபமோ நஷ்டமோ எல்லாம் அவர் தலையில்.

அமெரிக்காவின் பெரிய ஹோட்டல்களில் கதையே வேறு. நியூயார்க் டைம்ஸ் சதுக்கத்தில் மாரியட் மார்க்கீ என்று ஒரு ஹோட்டல் இருக்கிறது. ஏறக்குறைய 2000 அறைகள். ஹவாயின் மாவி தீவில் ஹயாத் ரீஜென்சி. ஃப்ளோரிடாவின் நேப்பிள்ஸ் நகரில் ரிட்ஸ் கார்ல்டன். சான் டியாகோவில் கிராண்ட் ஹயாத். போர்டுகளில் வேறு வேறு பெயர்கள். ஆனால் 2024 இறுதிக் கணக்கை எடுத்துப் பார்த்தால் இந்த நான்கு கட்டடங்களும் ஒரே கம்பெனியின் சொத்துப் பட்டியலில் இருக்கின்றன. அந்தக் கம்பெனியின் பெயர் ஹோஸ்ட் ஹோட்டல்ஸ் அண்ட் ரிசார்ட்ஸ்.

சுமார் 80 ஹோட்டல்கள், 43,000க்கும் மேற்பட்ட அறைகள். ஆனால் அந்தக் கம்பெனியில் நேரடியாகச் சம்பளம் வாங்குபவர்கள் 200 பேருக்கும் குறைவு! ரூம் பாய், சமையல்காரர், ரிசப்ஷனில் நிற்பவர் என்று ஹோட்டலுக்குள் நீங்கள் பார்க்கும் யாரும் ஹோஸ்ட்டின் ஊழியர் இல்லை.

இப்படி ஒரு கம்பெனி எப்படி உருவானது, எதையெல்லாம் வைத்திருக்கிறது, லாபம் வரும்போது யாருக்குப் போகிறது, அடி விழும்போது யார் வாங்கிக்கொள்கிறார்கள் என்பதுதான் இந்தப் பதிவு. காமர்ஸ் படிக்கிறவர்களுக்குக் கணக்கும் உண்டு. மற்றவர்களுக்குக் கதை உண்டு. கொஞ்சம் நீளம்தான், பொறுத்துக்கொள்ளுங்கள் :-)

முதலில், ரீட் என்றால் என்ன?

ரியல் எஸ்டேட் இன்வெஸ்ட்மென்ட் டிரஸ்ட் என்பதன் சுருக்கம்தான் ரீட். ஒரு பெரிய காம்ப்ளக்ஸை நீங்களோ நானோ தனியாக வாங்க முடியாது. ஆயிரம் பேர் ஆளுக்குக் கொஞ்சம் பணம் போட்டு வாங்கி, வருகிற வாடகையைப் பங்கு போட்டுக்கொண்டால் முடியும். அந்தப் பங்கை வேண்டாமென்றால் ஷேர் மார்க்கெட்டில் விற்றுவிட்டுப் போகலாம். அவ்வளவுதான் விஷயம்.

அமெரிக்காவில் 1960ல் ஐசன்ஹோவர் ஜனாதிபதியாக இருந்தபோது இதற்குச் சட்டம் வந்தது. சட்டத்தின் சாரம் ஒரு பேரம்: "வரிக்குரிய வருமானத்தில் 90 சதவீதத்தைப் பங்குதாரர்களுக்குக் கொடுத்துவிடு, அப்படிக் கொடுத்த தொகைக்குக் கம்பெனி மட்டத்தில் வரி கேட்க மாட்டேன்." (நடுவில் 1980லிருந்து 2000 வரை இது 95 சதவீதமாக இருந்தது.) சாதாரணக் கம்பெனி என்றால் லாபத்துக்குக் கம்பெனி ஒரு முறை வரி கட்டும், டிவிடெண்டு வாங்கியவர் இன்னொரு முறை கட்டுவார். ரீட்டில் முதல் வரி இல்லை.

ஆனால் ஒரு நிபந்தனை உண்டு. ரீட் என்பது வாடகை வாங்கும் சொந்தக்காரராக இருக்க வேண்டும், வியாபாரம் செய்யக் கூடாது. ஆபீஸ் கட்டடத்துக்கு இது பிரச்சினையே இல்லை. பத்து வருட ஒப்பந்தம் போட்டுவிட்டு மாதா மாதம் வாடகை வாங்கலாம். ஹோட்டலுக்கு? அங்கே வாடகைக்கு வருபவர் ஒரே ஒரு ராத்திரிக்குத்தான் வருகிறார். அவருக்குப் போர்வை மாற்ற வேண்டும், காபி கொடுக்க வேண்டும். அது வாடகையா, வியாபாரமா? இந்தக் கேள்விதான் ஹோஸ்ட்டின் வரலாறு முழுக்க வந்துகொண்டே இருக்கும்.

ஒன்பது ஸ்டூல் போட்ட கடை

மாரியட்டும் நம்ம ஊர் அர்த்தத்தில் "ஹோட்டலாக"த்தான் ஆரம்பித்தது. 1927 மே மாதம் வாஷிங்டன் நகரில் ஜே. வில்லார்ட் மாரியட் ஒரு சின்னக் கடை போட்டார். ஒன்பது ஸ்டூல். விற்றது ரூட் பியர். பெயரில்தான் பியர், அது ஒரு கூல் டிரிங்க்ஸ். வெயில் காலத்தில் கூட்டம் அம்மியது. குளிர் வந்தால் யார் கூல் டிரிங்க்ஸ் குடிப்பார்கள்? அதனால் அவரும் மனைவி ஆலிஸும் சூடான சாப்பாட்டையும் சேர்த்தார்கள். கடைக்கு "ஹாட் ஷாப்" என்று பெயர் வந்தது. 1937ல் விமானப் பயணிகளுக்கு டப்பாவில் சாப்பாடு கட்டிக் கொடுக்க ஆரம்பித்தார்கள்.

தங்கும் ஹோட்டல் வந்தது 1957ல்தான், அதாவது கடை போட்டு முப்பது வருடம் கழித்து. வாஷிங்டனை ஒட்டிய ஆர்லிங்டனில் ட்வின் பிரிட்ஜஸ் என்ற மோட்டார் ஹோட்டல், 365 அறைகள். அதன் பிறகு மூத்த மகன் பில் மாரியட் பொறுப்புக்கு வந்தார். ஹோட்டல் தொழில் வேகமாக வளர்ந்தது. 1982ல் விமான நிலையங்களில் உணவகம் நடத்தும் ஹோஸ்ட் இன்டர்நேஷனல் என்ற கம்பெனியை வாங்கினார்கள். நம் கதாநாயகனின் பெயர் அங்கிருந்து வந்ததுதான்.

கட்டு, வில், நடத்து

எண்பதுகளில் மாரியட் ஒரு சாமர்த்தியமான வழியைப் பிடித்தது. ஹோட்டலைக் கட்ட வேண்டியது. கட்டியதை முதலீட்டாளர்களுக்கு விற்றுவிட வேண்டியது. விற்கும்போதே "நடத்துவது நாங்கள்தான்" என்று நீண்டகால ஒப்பந்தம் போட்டுக்கொள்ள வேண்டியது. கட்டடத்தில் போட்ட பணம் திரும்பி வந்துவிடும், அடுத்த ஹோட்டலைக் கட்டலாம். நடத்துவதற்கான கட்டணமோ வருடா வருடம் வந்துகொண்டே இருக்கும்.

வாங்கியவர்கள் யார்? பெரும்பாலும் கூட்டாண்மைகள் வழியாக வந்த தனி முதலீட்டாளர்கள். 1981ல் வந்த வரிச் சட்டம் கட்டடங்களுக்கான தேய்மானத்தை வேகமாகக் கழித்துக்கொள்ள அனுமதித்தது. தேய்மானம் காட்டினால் ஏட்டில் நஷ்டம் வரும், அந்த நஷ்டத்தைக் காட்டித் தங்கள் மற்ற வருமானத்துக்கான வரியைக் குறைத்துக்கொள்ளலாம். ஆக, பலர் வாங்கியது ஹோட்டலை அல்ல, வரிச் சலுகையை!

1986ல் வந்த வரிச் சீர்திருத்தச் சட்டம் இந்தக் கதவை மூடியது. ஆனால் மாரியட் கட்டுவதை நிறுத்தவில்லை. வருடத்துக்கு 100 கோடி டாலர் அளவுக்கு ஹோட்டல்கள் எழும்பிக்கொண்டிருந்தன. 1990ல் ரியல் எஸ்டேட் சந்தை படுத்துவிட்டது. வளைகுடாப் போர் வேறு, பயணம் குறைந்தது. கட்டிய ஹோட்டல்களை வாங்க ஆள் இல்லை. விற்கலாம் என்று கட்டியதெல்லாம் கையிலேயே தங்கிவிட்டது, அவற்றுக்காக வாங்கிய கடனும்தான்.

பாகப்பிரிவினை

1992ல் ஸ்டீபன் போலன்பாக் என்பவர் மாரியட்டுக்கு நிதித் தலைவராக வந்தார். அவர் போட்ட திட்டத்துக்கு உள்ளே வைத்த பெயர் "ப்ராஜெக்ட் சாரியட்". 1992 அக்டோபரில் அறிவித்தார்கள். கம்பெனியை இரண்டாகப் பிரிப்பது.

ஒன்று, மாரியட் இன்டர்நேஷனல். இதற்குப் பெயர், நடத்தும் ஒப்பந்தங்கள், கட்டண வருமானம். கடன் மிகக் குறைவு.

இன்னொன்று, ஹோஸ்ட் மாரியட். இதற்கு விற்காத கட்டடங்கள், நிலங்கள், விமான நிலைய உணவகங்கள். கூடவே, ஏறக்குறைய 300 கோடி டாலர் கடனில் மிகப் பெரும்பகுதி.

அண்ணன் பில் மாரியட் முதல் கம்பெனிக்குத் தலைவர். தம்பி ரிச்சர்ட் மாரியட் இரண்டாவதற்குத் தலைவர். வயலும் கிணறும் ஒரு பக்கம், வீடும் கடன் பத்திரமும் இன்னொரு பக்கம் என்று நம்ம ஊரில் நடக்கும் பாகப்பிரிவினை மாதிரியே இருக்கிறது இல்லையா? ஒரு வித்தியாசம். இங்கே அண்ணன் தம்பிக்குள் சண்டை இல்லை. ஏனென்றால் பழைய பங்குதாரர் ஒவ்வொருவருக்கும் இரண்டு கம்பெனியிலும் பங்கு கிடைத்தது. மாரியட் குடும்பத்திடம் இருந்த சுமார் 25 சதவீதத்துக்கும் அப்படியே. எந்தப் பை கனமாக இருந்தாலும் இரண்டு பையும் அவர்கள் கையில்தான்.

நஷ்டப்பட்டவர்கள் வேறு. அவர்கள் கடன் கொடுத்தவர்கள். நல்ல தரமதிப்பீடு உள்ள மாரியட்டை நம்பிக் கடன் பத்திரம் வாங்கியவர்களுக்கு, ஒரே நாளில் அந்தப் பத்திரம் கடன் மிகுந்த ஹோஸ்ட்டின் பத்திரம் ஆகிவிட்டது. அறிவிப்பு வந்ததும் பங்கு விலை ஏறியது, பத்திரங்களின் விலை சரிந்தது. மூடீஸ் தரத்தைக் கீழே இறக்கியது. அதில் கொடுமை என்னவென்றால், அந்த வருடம் ஏப்ரலில்தான் மாரியட் 40 கோடி டாலருக்குப் புதிதாகப் பத்திரம் விற்றிருந்தது. ஆறு மாதம் முன்னால் எங்களிடம் பணம் வாங்கும்போது இதைச் சொல்லவில்லையே என்று அவர்கள் வழக்குப் போட்டார்கள்.

பத்திரதாரர்களில் ஒரு பகுதியினரோடு பேச்சுவார்த்தை நடத்தி, வட்டி, தவணை, கடன் வசதி ஆகியவற்றில் சில மாற்றங்கள் செய்தபின் 1993 அக்டோபரில் பிரிவினை முடிந்தது. சமரசத்துக்கு வராதவர்களின் வழக்கு தொடர்ந்து, 1995ல் கம்பெனிக்குச் சாதகமாகத் தீர்ப்பானது.

எனக்கு இந்த இடம்தான் இந்தக் கதையிலேயே மிக முக்கியமானதாகப் படுகிறது. சட்டப்படி தவறில்லை என்பது ஒன்று. கடன் ஒப்பந்தத்தில் "கம்பெனியைப் பிரிக்கக் கூடாது" என்று ஒரு வரி இருந்திருந்தால் இது நடந்திருக்காது. இல்லாத வரிக்கு நீதிமன்றம் என்ன செய்யும்? ஆனால் பங்குதாரருக்குக் கிடைத்த லாபத்தில் ஒரு பகுதி புதிதாக உண்டான செல்வம் அல்ல, கடன் கொடுத்தவரின் பையிலிருந்து எடுத்தது என்பதும் உண்மைதானே? அமெரிக்க பிசினஸ் பள்ளிகளில் இன்றும் மாணவர்களை இரண்டு கட்சியாகப் பிரிந்து வாதாட வைக்கிற வழக்கு இது.

ஒதுக்கப்பட்ட பிள்ளை

பிரிவினையின்போது பலரும் ஹோஸ்ட்டை "கெட்ட மாரியட்" என்றே பார்த்தார்கள். ஆனால் போலன்பாக், தான் உருவாக்கிய அந்தக் கடன்கார ஹோஸ்ட்டுக்கே தலைமை அதிகாரியாகப் போய் உட்கார்ந்தார். (1995ல் டிஸ்னிக்குப் போய், பிறகு 1996ல் ஹில்டனுக்குத் தலைவரானது தனிக் கதை.)

அப்போது அமெரிக்காவில் ஹோட்டல் கட்டடங்கள் அடிமாட்டு விலைக்குக் கிடைத்தன. புதிதாகக் கட்ட ஆகும் செலவைவிடக் குறைந்த விலையில் பழைய ஹோட்டல்கள் விற்பனைக்கு வந்தன. ஹோஸ்ட் வாங்க ஆரம்பித்தது. 1995 இறுதியில் விமான நிலைய, நெடுஞ்சாலை உணவகங்களையும் தனிக் கம்பெனியாகப் பிரித்துவிட்டது. மிச்சமிருந்தது ஹோட்டல் கட்டடங்கள் மட்டுமே.

1998ல் அடுத்த கட்டம். பிளாக்ஸ்டோன் நிறுவனத்திடமிருந்து ரிட்ஸ் கார்ல்டன், ஃபோர் சீசன்ஸ், ஹயாத் பெயர்களில் இருந்த ஆடம்பர ஹோட்டல்களை வாங்கியது. மாரியட் போர்டு இல்லாத கட்டடங்களும் கைக்கு வந்தன. 1999 ஜனவரி 1 முதல் ரீட் ஆக மாறியது.

இங்கேதான் அந்தப் பழைய கேள்வி வந்தது: வாடகையா, வியாபாரமா? அன்றைய சட்டப்படி ரீட் ஹோட்டலை நடத்தவும் கூடாது, அதன் வியாபார வருமானத்தை நேரடியாக வாங்கவும் கூடாது. அதனால் கிரெஸ்ட்லைன் கேபிடல் என்று ஒரு தனிக் கம்பெனியைப் பிரித்து உருவாக்கி, எல்லா ஹோட்டலையும் அதற்குக் குத்தகைக்கு விட்டார்கள். கிரெஸ்ட்லைன் குத்தகைக்காரர், நடத்துவது மாரியட், சொந்தக்காரர் ஹோஸ்ட். ஒரே கட்டடத்துக்கு மூன்று பேர்.

இந்தச் சுற்றுவழி ரொம்ப நாள் நீடிக்கவில்லை. 1999 டிசம்பரில் கையெழுத்தான ரீட் நவீனமயமாக்கல் சட்டம் 2001 ஜனவரியில் நடைமுறைக்கு வந்தது. ரீட் தனக்கே ஒரு துணை நிறுவனம் வைத்துக்கொள்ளலாம், அந்தத் துணை நிறுவனம் வரி கட்ட வேண்டும், ஹோட்டலைக் குத்தகைக்கு எடுத்து வெளியாளை வைத்து நடத்தலாம் என்று அனுமதித்தது. ஹோஸ்ட் உடனே 20 கோடி டாலருக்குச் சற்று மேல் கொடுத்துக் குத்தகைகளைத் திரும்ப வாங்கியது. இனி குத்தகைக்காரருக்குப் போன லாபமும் தனக்கே. நஷ்டமும் தனக்கே.

அந்த "நஷ்டமும்" என்ற சொல்லுக்கு அர்த்தம் ஒன்பதே மாதத்தில் தெரிந்தது.

2001 செப்டம்பர் 11

உலக வர்த்தக மையத்தின் இரண்டு கோபுரங்களுக்கும் நடுவில் ஒரு 22 மாடி ஹோட்டல் இருந்தது. 800க்கும் மேற்பட்ட அறைகள். 1981ல் விஸ்டா என்ற பெயரில் திறந்தது. 1993 குண்டுவெடிப்பில் சேதமாகி மீண்டும் திறக்கப்பட்டது. 1995ல் ஹோஸ்ட் கைக்கு வந்து மாரியட் போர்டு மாட்டப்பட்டது. கோபுரங்கள் விழுந்தபோது ஹோட்டலும் நொறுங்கியது. அன்று காலை அந்தக் கட்டடத்தின் வழியாகப் பலர் தப்பித்தார்கள். அவர்களை வெளியேற்ற உதவிக்கொண்டிருந்த ஹோட்டல் ஊழியர்களும், தீயணைப்பு வீரர்கள் பலரும் உள்ளேயே இறந்துபோனார்கள்.

உயிர்களுக்கு முன்னால் கணக்கு பேசுவது அற்பமாகத் தெரியும். ஆனாலும் கணக்கு தொடர்ந்தது. நாடு முழுக்க விமானங்கள் நின்றன, மாநாடுகள் ரத்தாயின. ஹோஸ்ட் பொதுப் பங்குகளுக்கான டிவிடெண்டை நிறுத்தியது. அது திரும்ப வர 2005 ஆனது. 90 சதவீதம் கொடுக்க வேண்டும் என்றுதானே சட்டம் என்று கேட்கலாம். வரிக்குரிய வருமானமே இல்லாதபோது எதில் 90 சதவீதம்? ரீட் என்றால் நிச்சய வருமானம் என்று நினைப்பவர்கள் இந்த இடத்தில் ஒரு நிமிடம் நின்று யோசிக்க வேண்டும்.

மாரியட் என்ற சொல் கழன்றது

2005 நவம்பரில் ஸ்டார்வுட் நிறுவனத்திடமிருந்து 38 ஹோட்டல்களைச் சுமார் 400 கோடி டாலருக்கு வாங்க ஒப்பந்தம் போட்டது ஹோஸ்ட். ஷெராட்டன், வெஸ்டின், டபிள்யூ என்று மாரியட்டின் போட்டியாளர் பெயர்கள். வாங்கி முடித்த 2006லேயே "ஹோஸ்ட் மாரியட்" என்ற பெயரை விட்டுவிட்டு "ஹோஸ்ட் ஹோட்டல்ஸ் அண்ட் ரிசார்ட்ஸ்" ஆனது. 2007ல் எஸ் அண்ட் பி 500 பட்டியலில் சேர்ந்தது. வேடிக்கை என்னவென்றால், 2016ல் மாரியட் இன்டர்நேஷனல் ஸ்டார்வுட்டையே வாங்கிவிட்டது. ஓடிப்போன போர்டுகள் எல்லாம் மறுபடி அண்ணன் வீட்டுக்கே வந்துவிட்டன!

நமக்கும் ஒரு சின்னத் தொடர்பு உண்டு. 2008ல் சிங்கப்பூர் அரசின் முதலீட்டு நிறுவனமான ஜி.ஐ.சி.யோடு ஹோஸ்ட் ஒரு கூட்டு நிறுவனம் தொடங்கியது. அது ஆக்கோர், இன்டர்குளோப் ஆகியவற்றோடு சேர்ந்து பெங்களூரு, சென்னை, டெல்லியில் ஏழு ஹோட்டல்கள் கட்டுவதில் பங்கெடுத்தது. பழைய மகாபலிபுரம் சாலையில் சிப்காட் பக்கம் நோவோடெல், ஐபிஸ் போர்டுகளைப் பார்த்தவர்கள், அதன் பின்னால் இப்படி ஒரு வால் நீண்டிருந்ததை நினைத்துக்கொள்ளலாம்.

சொத்துப் பட்டியலில் சில கதைகள்

முழுப் பட்டியலையும் போட்டால் தூங்கிவிடுவீர்கள். கதை உள்ள நாலைந்து மட்டும்.

நியூயார்க் மாரியட் மார்க்கீ: ஜான் போர்ட்மேன் வடிவமைத்தது, 1985ல் திறந்தது. உள்ளே ஆகாசம் மாதிரி உயரமான நடுக்கூடம், கண்ணாடி லிஃப்ட், உச்சியில் சுழலும் உணவகம். இதைக் கட்ட 1982ல் ஐந்து பழைய நாடக அரங்குகளை இடித்தார்கள். நாடகக் கலைஞர்கள் தெருவில் இறங்கிப் போராடியும் நிற்கவில்லை. ஹோட்டல் நின்ற நிலம் நியூயார்க் நகரத்துக்குச் சொந்தம். பழைய ஒப்பந்தத்தில் இருந்த உரிமைப்படி 2013ல் அதை ஏறக்குறைய 2 கோடி டாலருக்கு ஹோஸ்ட் வாங்கியது. டைம்ஸ் சதுக்கத்தில் இந்த விலையா என்று நகரத்தின் தணிக்கை அதிகாரி பின்னாளில் கடுமையாகக் குறை சொன்னார்.

சான்பிரான்சிஸ்கோ மாரியட் மார்க்கீ: சுமார் 1500 அறைகள். பார்ப்பதற்குப் பழைய பாட்டுப் பெட்டி போல இருக்கும் என்று ஊர்க்காரர்கள் "ஜூக்பாக்ஸ்" என்பார்கள். திறந்த நாள் 1989 அக்டோபர் 17. அன்று மாலைதான் அந்த ஊரை உலுக்கிய பெரிய பூகம்பம்! கட்டடம் நின்றது.

ஃபீனிஷியன், அரிசோனா: சேமிப்பு வங்கி ஊழலில் சிறை சென்ற சார்லஸ் கீட்டிங் 1988ல் திறந்த ஆடம்பர ரிசார்ட். அடுத்த வருடமே அமெரிக்க அரசு கைப்பற்றியது. ஹோஸ்ட் 2015ல் 40 கோடி டாலருக்கு வாங்கியது. எண்பதுகளின் ரியல் எஸ்டேட் பைத்தியத்தில் கட்டப்பட்ட ஒன்று, அதே பைத்தியத்தில் மாட்டிக்கொண்ட கம்பெனியின் வாரிசிடம் வந்து சேர்ந்திருக்கிறது.

டான் சீசர், ஃப்ளோரிடா: 1928ல் கடற்கரையில் கட்டிய ரோஸ் நிற மாளிகை. ஹோஸ்ட் 2017ல் வாங்கியது. 2024ல் ஹெலீன், மில்டன் என்று அடுத்தடுத்து வந்த புயல்களில் மூடப்பட்டு 2025 மார்ச்சில் மீண்டும் திறந்தது. அதற்கு முன் 2022ல் இயன் புயல் நேப்பிள்ஸ் ரிட்ஸ் கார்ல்டனை மூட வைத்தது, திறக்க 2023 ஜூலை ஆனது.

அண்மை வருடங்களில் போக்கு மாறியிருக்கிறது. பெரிய நகரங்களின் மாநாட்டு ஹோட்டல்களில் சிலவற்றை விற்று, ரிசார்ட்டுகளை வாங்குகிறார்கள். ஸ்டார்வுட் வழி வந்த டைம்ஸ் சதுக்க ஷெராட்டனை 2022ல் 37 கோடி டாலர் அளவுக்கு விற்றார்கள். 2019ல் மயாமி கடற்கரையின் ஒன் ஹோட்டலையும், 2021ல் ஒர்லாண்டோ ஃபோர் சீசன்ஸையும் தலா 61 கோடி டாலருக்கு வாங்கினார்கள். 2024ல் ஹவாயின் டர்ட்டில் பே ரிசார்ட்டை வாங்கி ரிட்ஸ் கார்ல்டன் போர்டு மாட்டினார்கள்.

அடி யாருக்கு? ஒரு சின்னக் கணக்கு

இது நானே போட்ட உதாரணம். ஒரு ஹோட்டலுக்கு 100 ரூபாய் வருமானம் என்று வைத்துக்கொள்வோம். ஆள் வந்தாலும் வராவிட்டாலும் ஆகிற செலவு 42 ரூபாய். வருகிற ஆளைப் பொறுத்து மாறும் செலவு 30 ரூபாய். நடத்தும் கம்பெனிக்கு வருமானத்தில் 3 சதவீதம், அதாவது 3 ரூபாய் (இது இந்தத் தொழிலில் வழக்கமான அளவுதான்). சொந்தக்காரருக்கு மிச்சம் 25 ரூபாய்.

இப்போது வருமானம் 20 சதவீதம் குறைந்து 80 ஆகிறது. மாறாச் செலவு அதே 42. மாறும் செலவு 24. நடத்துபவருக்கு 2.40. மிச்சம் 11.60.

நடத்துபவர் இழந்தது 60 பைசா, அதாவது 20 சதவீதம். சொந்தக்காரர் இழந்தது 13.40, பாதிக்கு மேல்! நிஜத்தில் நடத்துபவருக்கு லாபத்தைப் பொறுத்த ஊக்கக் கட்டணமும் உண்டு, அதுவும் குறையும். ஆனால் சொந்தக்காரரின் பங்குதான் முதலில் கரையும். வருமானம் ஏறும்போது இதே கணக்கு தலைகீழாக வேலை செய்யும், அப்போது மழை சொந்தக்காரருக்கு. 1992ல் பிரித்தது கட்டடத்தையும் பெயரையும் மட்டுமல்ல. மேடு பள்ளத்தைத் தாங்கும் பொறுப்பையும்தான்.

2020ல் இதை நிஜத்தில் பார்த்தார்கள். கொரோனாவுக்கு முன் 2019ல் ஹோஸ்ட்டின் வருமானம் சுமார் 547 கோடி டாலர். 2020ல் சுமார் 162 கோடி. நஷ்டம் 70 கோடி டாலருக்கு மேல். டிவிடெண்டு மறுபடி நின்றது, 2022ல்தான் வந்தது. ஆனால் ஹோஸ்ட் விழவில்லை. கடன்காரப் பிள்ளையாகப் பிறந்த அந்தக் கம்பெனி, அந்த அனுபவத்தாலோ என்னவோ, 2020க்குள் நுழையும்போது குறைந்த கடனோடும் 150 கோடி டாலருக்கு மேல் ரொக்கத்தோடும் இருந்தது.

இந்தக் கணக்கில் இன்னொருவர் இருக்கிறார். அறையைச் சுத்தம் செய்யும் பெண்மணி. சம்பளம் ஹோட்டலின் செலவுக் கணக்கில் எழுதப்படுகிறது, ஆகக் கடைசியில் கொடுப்பது சொந்தக்காரர். வேலைக்கு வைப்பது நடத்தும் கம்பெனி. அவர் சட்டையில் குத்தியிருக்கும் பெயரோ ஒரு பிராண்டு. வேலை போகும்போது அவர் யாரிடம் போய்க் கேட்பார்? நம்ம ஊர் ஹோட்டலில் கல்லாவில் இருப்பவரிடம் கேட்கலாம். திட்டலாம், கெஞ்சலாம், ஆனால் ஆள் இருக்கிறார். இங்கே கல்லாவும் கட்டடமும் போர்டும் வேறு வேறு முகவரியில் இருக்கின்றன.

நமக்கு இது ஏன்?

இந்தியாவில் செபி 2014ல் ரீட் விதிகளைக் கொண்டுவந்தது. 2019ல் முதல் ரீட் ஆக எம்பசி ஆபீஸ் பார்க்ஸ் சந்தைக்கு வந்தது. அதன் சொத்தில் பெங்களூருவின் அலுவலகங்களோடு ஹோட்டல்களும் உண்டு. 2023ல் சந்தைக்கு வந்த சாம்ஹி போன்ற கம்பெனிகள் ரீட் இல்லாவிட்டாலும் அதே பாணிதான். கட்டடம் தங்களுடையது, போர்டு மாரியட், ஹயாத் போன்றவர்களுடையது. நம் வகுப்பில் பலர் நாளைக்கு இதில் பணம் போடப் போகிறோம், சிலர் இவற்றில் வேலைக்கே போகப் போகிறோம்.

அப்போது ஆண்டறிக்கையைத் திறந்தவுடன் டிவிடெண்டு எவ்வளவு சதவீதம் என்று பார்ப்பதற்கு முன் மூன்று கேள்விகள் கேட்டால் போதும் என்று நினைக்கிறேன். கட்டடம் யாருடையது? போர்டு யாருடையது? ஊருக்கு ஆளே வராத வருடத்தில் கரண்ட் பில் கட்டுவது யார்?

மூன்றாவது கேள்விக்குப் பதிலாக வருபவர்தான் உண்மையான முதலாளி. அது பங்கு வாங்கிய நீங்களாகவே இருக்கலாம்.